சம்பூர்ணத்தின் டிசைன் பேப்பர்

என் அக்கா சம்பூர்ணம் எஸ்.எஸ்.எல்.சி.யில் சித்திரப் பிரிவு எடுத்தபோது சித்தப்பா கேட்டார்: "இன்னா, செவுத்துல படம் எழுதவா பொண்ண அனுப்பிக்கினு இருக்கீங்க?" அந்த மனுஷனுக்கு எல்லாவற்றிலும் இளக்காரம்தான். அப்பா மட்டும், "படிக்கட்டும் உடு" என்றார். தேறினால் டிராயிங் டீச்சர் பயிற்சிக்குப் போகலாம். தேறாவிட்டால் கழனி வேலை, அப்புறம் சித்தப்பா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. அக்காவுக்கு வேறு வழி கிடையாது.

விடியலில் மாடு கறந்து, சோறு வடித்து, கடம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்த் திருவள்ளூர் வண்டியைப் பிடிப்பாள். சித்திர வகுப்பு கடைசி பீரியடில். அதற்குள் அவளுக்குக் கண் சொருகும். ஆனாலும் பிரஷ் கையில் வந்துவிட்டால் கோடு பிசகாது. டிசைனில் அவளை அடிக்க ஆளில்லை என்று டிராயிங் மாஸ்டர் துளசிராமன் சொல்வார்.

அறுபத்தெட்டில், பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால், அப்பா கழனி வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு. காரியம் முடிந்த கையோடு அக்கா பரீட்சைக்குப் போனாள். மற்றதெல்லாம் எழுதினாள். டிசைன் பேப்பரில் ஒரே கேள்வி: வீட்டு வாசலுக்கு ஏற்ற கோலம் ஒன்றை வரைந்து வண்ணம் தீட்டுக.

எங்கள் வகையறாவில் சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை கோலம் கிடையாது. தண்ணீர் தெளிப்பதோடு சரி. தினமும் தெளிப்பது அக்காதான். கை தானாகக் கோலமாவு டப்பாவைத் தேடிப் போகும், சட்டென்று இழுத்துக்கொள்வாள். அன்று பரீட்சை ஹாலிலும் அப்படித்தான் இழுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு, வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

எனக்கு வந்ததே கோபம்! "காயிதத்துல போட்டா இன்னாக்கா? அது இன்னா நம்ம ஊட்டு வாசலா?" என்று கத்தினேன்.

"வாசலுக்குன்னு கேட்டாங்களா, நம்ம வாசல்தான் கண்ணு முன்னால வந்துச்சி. கை வரலடி மணி" என்று சொல்லிவிட்டுச் சாணி வாரப் போய்விட்டாள்.

சித்திரத்தில் ஃபெயில். மாப்பிள்ளை வீட்டாரை வரச் சொல்லட்டுமா என்று சித்தப்பா நடையாய் நடந்தார். துளசிராமன் சார்தான் செப்டம்பரில் மறுபடி எழுதச் சொன்னார். "கோலத்த உட்டுட்டு டிசைன் பேப்பர் வராதும்மா. மனச திடப்படுத்திக்கோ" என்றார். அக்கா தலையாட்டினாள். நடவு, மாடு, அடுப்பு எல்லாம் முடித்துப் பழக உட்கார்ந்தால் பூவும் கொடியும் வரைவாளே தவிர, ஒரு புள்ளி வைக்க மாட்டாள். பாதி நாள் காகிதத்தின் மேலேயே தூங்கிப்போவாள். எனக்கும் சலித்துவிட்டது. இது தேறாது என்று விட்டுவிட்டேன்.

பரீட்சை அன்று காலையில் கதவைத் திறந்தால், அம்மா வாசலில் குனிந்திருக்கிறாள். தாலி அறுத்து ஆறு மாசம் ஆகியிருந்த அம்மா. முழங்கால் வலியோடு நகர்ந்து நகர்ந்து, மாவால் புள்ளிகளைச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுக்காரி வாயைப் பிளந்து நின்றாள். சித்தப்பா ஓடி வந்தார்.

"அண்ணி, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அண்ணன் போயி வருசம் கூட ஆவல! அதுவும் நீ போடலாமா?"

"பாவம் வந்தா எனக்கு வரட்டும்." அம்மா நிமிரவில்லை. "சம்பூர்ணம், இங்க பாரு. வாசல்ல போட்டாச்சு. அங்க போயி இதையே போடு."

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோலத்தை மிதிக்காமல் ஓரமாகத் தாண்டி, ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

அதைத்தான் போட்டாள். தேறினாள். பயிற்சி முடித்து, கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர் ஆனாள். அவள் பீரியடைக் கணக்கு வாத்தியார் பிடுங்கிக்கொள்வதும், இவள் அலுத்துப்போய் வீடு திரும்புவதும் வாடிக்கை. அதற்கா இத்தனை பாடு என்று எனக்கே சில சமயம் எரிச்சலாக வரும். அப்போதெல்லாம் அந்தப் பரீட்சை நாளின் சாயங்காலத்தை நினைத்து வாயை மூடிக்கொள்வேன்.

அன்று அக்கா வண்டி இறங்கி வந்தபோது வாசல் ஈரமாக இருந்தது. ஒரு கோடு மிச்சமில்லாமல் கழுவித் தள்ளியிருந்தாள் அம்மா.

"ஏம்மா அழிச்சிட்டே?" என்றாள் அக்கா.

"பரிச்ச முடிஞ்சிடிச்சில்ல" என்றாள் அம்மா. "உங்கப்பாவுக்கு இன்னும் வருசம் முடியல."