கேட்டு வாங்கிய மாத்திரை

நான் பீடி பிடித்தவள் இல்லை. மூச்சு வாங்குகிறது என்றதும் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். நாற்பது வருடம் காய்ந்த கரும்புச் சோகையையும் ஈர விறகையும் அடுப்பில் திணித்து ஊதியவளிடம் கேட்கிற கேள்வியா இது? அந்தப் புகையில் வெந்த சோற்றைத் தின்றவர்கள்தான் கேட்டார்கள்.

நுரையீரல் கெட்டது கெட்டதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாயில் வைத்து மூச்சோடு உறிஞ்சுகிற மருந்தெல்லாம் பார்த்தாயிற்று. நாலு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்குள் திணறிவிடும். மருமகள்தான் குளிப்பாட்டினாள். அது பிடிக்காமல் பல நாள் குளிக்காமலே கிடந்தேன்.

பிறகு டாக்டரம்மா மார்ஃபின் எழுதினார். மிகக் குறைந்த அளவு. நுரையீரலைச் சரிசெய்யாது, திணறுகிற தவிப்பைக் குறைக்கும் என்றார். காலையும் ராத்திரியும் தவறாமல் சாப்பிட வேண்டும். அது மலத்தைக் கட்டுமாம், இளகக் கூடவே ஒரு மருந்து.

மருமகள் மாத்திரையை பீரோவில் வைத்துப் பூட்டினாள். நானாகக் கேட்டால் மட்டும் கொடுத்தாள்.

“அத்த, இது சாவப்போறவங்களுக்குக் குடுக்கிறதாம். சும்மா துன்னுகினு இருந்தா பழகிப்பூடும்.”

“பழகினா என்னாடி? இந்த வயசுல சாராயக் கடைக்கா போவப்போறேன்?”

ஒருநாள் மூச்சு முட்டிப் பேச்சு வராமல் கையை மட்டும் நீட்டினேன். அவள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். அதோடு கேட்பதை விட்டுவிட்டேன். வீம்புதான்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாத்திரை பாதிக்கு மேல் மிச்சம்.

“ஏம்மா சாப்பிடல?” என்றார் டாக்டரம்மா.

“கேட்டாத்தான் குடுப்பா. நான் கேக்கமாட்டேன்.”

அவர் மருமகளைத் திட்டவில்லை. “சக்கரைக்குக் குடுக்கிற மாதிரி வேளைக்குக் குடுங்கம்மா. எழுதினதுக்கு மேல வேணாம். எழுப்பினாலும் எழாம தூங்குனா உடனே கூட்டிகினு வாங்க.”

அன்று கிருத்திகை. வீடு திரும்பும்போது திருத்தணியில் காவடிக் கூட்டத்துக்கு நடுவே பஸ் நின்றுவிட்டது. மருமகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“எங்கம்மாவுக்கு இந்த மருந்தத்தான் ஊசியா போட்டாங்க. அன்னிக்கே போயிட்டாங்க. அதான் பயம் அத்த.”

“உங்கம்மாவுக்குப் புத்துநோய் முத்திப்போச்சுடி. ஊசியா கொன்னுச்சு?”

அவள் அழுதாள். சொன்ன விதம் முரட்டுத்தனம். ஆனால் வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

இப்போது வேளைக்கு அவளே மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைக்கிறாள். முழுங்கினபின் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்க்கிறாள். பார்க்கட்டும். மூச்சு இன்னும் வாங்கத்தான் செய்கிறது, ஆனால் செத்துவிடுவேன் என்கிற பதற்றம் இல்லை. முக்காலி போட்டு உட்கார்ந்து நானே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். முதுகு எட்டுவதில்லை. அதற்கு அவளைக் கூப்பிடுகிறேன்.