மாப்பிள்ளைக் காரின் கதவுப் பிடி

கார்க் கதவின் பிடியைக் கழற்றிவந்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். தாளில் புளிக்கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு ஹயர் ஓடுற காரில் மெசின் புருசனுக்கு, மினுக்கிற வேலையெல்லாம் பெண்சாதிக்கு. கார்க்காரருக்கு வாழ்க்கைப்பட்ட அக்கா தங்கச்சிமாருக்கு இது தெரியும். அதிலும் எங்கள் ஆரையம்பதியில் அடிக்கிறது வாவியின் உப்புக்காற்று. பித்தளையையும் விடாது.

எங்கள் காரில் பின்சீட்டுக்கு ஒரு கதவுதான் திறக்கும். மற்றது நான் கலியாணம் முடிக்க முந்தியே கயிற்றால் கட்டியது. திறக்கிற கதவுக்கும் உள்ளே பிடி கிடையாது, வெளியால் மட்டும்தான். இந்த லட்சணத்தில், என் தம்பியின் கலியாணத்துக்கு இதுதான் மாப்பிள்ளைக் கார் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

கையோடு வந்தது

காத்தான்குடிப் புடவைக்கடை முஸ்லிம் அண்ணன், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், டவுனுக்குப் போக வந்தார். இவர் கிணற்றடியில் குளிக்கிறார். காக்கா பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு வரவில்லை, பிடி வந்தது. உள்ளே போகிற சதுரக் கம்பி துருப்பிடித்து முறிந்துபோயிருக்கிறது. நான் வாசலில் தொங்குகிற சீலைக்குப் பின்னால் நின்று முழிக்கிறேன். காக்கா பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சீலையைப் பார்த்துச் சொன்னார்: “தங்கச்சி, பிடியை மட்டும் கொண்டுபோய் நான் என்ன செய்ற? காரையும் தாங்க!”

வெல்லாவெளிப் பிடி

இவர் வெல்லாவெளிக்குப் போய், வயல் முதலாளி போடியார் ஒருவரின் வளவில் கோழி முட்டையிடுகிற பழைய காரிலிருந்து ஒரு பிடியைக் கழற்றி வந்தார். பூட்டிப் பார்த்தால் அது மற்றப் பக்கத்துக் கதவின் பிடி. மூக்கு முன்னுக்கு நிற்கிறது. கீழே அமத்தினால் அசையாது. மேலே தூக்கினால்தான் திறக்கும். தெரியாதவர்கள் அமத்துவார்கள்தானே. டவுனில் உடுப்புத் தைக்கிற பறங்கி அம்மா, நோனா ஒருவர் அதில் தொங்கியே பார்த்தா. கடைசியில் இவரிடம் சொன்னா: “திறக்க ஏலாட்டிச் சொல்லுங்க மனுசன், நான் யன்னலால ஏறுறன்!”

விடியற்காலை விருந்தாளிகள்

பிடி இறுகாமல் இருக்க நான் ஒரு வேலை பார்த்தேன். தோணிக்குப் பூசுகிற சுறா எண்ணெய் உப்புக்கு நல்லதென்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கலியாணத்துக்கு முதல்நாள் பிடியின் ஓட்டைக்குள் தாராளமாக ஊற்றினேன். வழுவழுவென்று சுற்றியது. விடிய எழும்பிப் பார்த்தால் ஊர்ப் பூனையெல்லாம் காரடியில். இவர் விளக்குமாற்றோடு நின்றபடி சொன்னார்: “மாப்பிள்ளை வீட்டாக்கள் வெள்ளனவே வந்திட்டாங்க புள்ள.”

கால் கழுவின தோழன்

பெண் வீட்டு வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளைக்குக் கால் கழுவப் பெண்ணின் தம்பி, அவன்தான் தோழன், செம்போடு நிற்கிறான். ஆரத்தித் தட்டும் நிற்கிறது. முகூர்த்தம் மட்டும் நிற்காமல் போகிறது. அவன் பிடியை அமத்துகிறான். மாமன்காரர் அமத்துகிறார். இவர் முன்சீட்டிலிருந்து கத்துவது மேளத்தில் கேட்கவில்லை. சனம் நெருக்கி அவரையும் இறங்க விடவில்லை. உள்ளே எனக்குப் பக்கத்தில் என் தம்பி, தலைப்பாகையெல்லாம் வேர்வை, “அக்கா, என்னை எப்படியாவது இறக்கு” என்று என் கையை நெரிக்கிறான். நான் நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தவள் இல்லை. அன்றைக்கு யன்னலால் தலையை நீட்டி, “பிடியை மேலே தூக்குங்க!” என்று கத்தினேன் பாருங்கள், கதவும் திறந்தது, மேளமும் நின்றது. சனம் முழுக்க என்னைப் பார்த்தது. நான் மடியிலிருந்த என் சின்ன மகனைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கால் கழுவின தோழனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போட வேணும். தட்டான் அளவைக் குறைத்துப்போட்டானே என்று நாங்கள் பயந்திருந்தோம். பிடியை அமத்தி அமத்தித் தோழனின் விரலெல்லாம் சுறா எண்ணெய். மோதிரம் வழுக்கிக்கொண்டு ஏறியது. அதற்குள் பெண் வீட்டுப் பூனை பாய்ந்து வந்து அந்தக் கையில் தொங்கி நக்குகிறது. தோழன் சொன்னான்: “மச்சான், மோதிரம் ஏறிட்டு, இனிப் பூனையைக் கழட்டுங்க!”

ஆகவே கார்க்காரர் வீட்டுப் பெண்டுகளே, நான் கண்டது இவ்வளவுதான்: ஆட்களை ஏற்றிக்கொண்டு போக மெசின் போதும், ஆனால் ஏறின ஆட்களை இறக்குகிறதுக்கு—

இவர் கூப்பிடுகிறார். “இஞ்சே புள்ள, பிடியக் கொண்டு ஓடி வா! காக்கா உள்ளுக்கு ஏறிக் கதவைச் சாத்திட்டார்!” பிடி சாம்பலுக்குள் கிடக்கிறது, நான் இதை இப்படியே வைத்துவிட்டு