குணசேகரன் மாமாவின் ஐந்து நட்சத்திரம்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் நான் தினமும் சாப்பிடப் போகும் கட்டடத்தின் கழிப்பறை வாசலில் ஒரு திரை உண்டு. சுத்தம் எப்படி என்று ஆங்கிலத்தில் கேட்கும்; பச்சைச் சிரிப்பிலிருந்து சிவப்பு முறைப்பு வரை ஐந்து முகங்கள் காட்டும். மூலையில், சுத்தம் செய்பவரின் சிரித்த படம். அந்த அம்மாளை நேரில் பார்த்துப் பல வாரமாயிற்று. ஆனாலும் ஆளில்லாத நடையில் திரை தானாக ஒளிரும், அவர் சிரிப்பார். சுத்தம் செய்யப் புதிதாக வந்திருந்த சீனப் பெண்மணியிடம் படத்தைக் காட்டி, அவர் எங்கே என்று கேட்டேன். நான் புகார் சொல்ல வந்ததாக நினைத்துவிட்டார். "ஷீ கோ ஆல்ரெடி லா. யூ பிரஸ் கிரீன், கேன்?" போய்விட்டார் என்றால் வேறு வேலைக்கா, ஒரேயடியாகவா? கேட்கத் தெரியாமல் பச்சையை அழுத்தினேன்.

கும்பகோணத்தில் இருக்கும் அப்பாவுக்குச் சர்க்கரை; இதயத்தில் ஸ்டென்டும் வைத்திருக்கிறது. அவருடைய மருத்துவக் காப்பீடு முடியப்போகிறது. அதற்குள் நல்லதாக ஒன்றுக்கு மாற்ற வேண்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதென்றால் எனக்குக் கொண்டாட்டம். ரயிலிலேயே முதியோர் திட்டங்களை நட்சத்திர வரிசையில் அடுக்கினேன். முதலில் நின்ற திட்டத்தை எடுக்கவே போனேன். அதன் கீழே ஒரு படமும் பாராட்டும்: "அருமை. பணிவாகப் பேசினார்கள்." ஐந்து நட்சத்திரம். எதிர்வீட்டு குணசேகரன் மாமா. போன வருஷம் அவருடைய இறுதி ஊர்வலத்தை இதே போனில், வீடியோ அழைப்பில் பார்த்தவன் நான்.

அப்பாவை அழைத்து, மாமாவின் பாராட்டைப் பற்றிக் கேட்டேன்.

"அது பாலிசி எடுத்த அன்னைக்கே போட்டதுப்பா. ஒரு பொண்ணு போன்ல, அஞ்சு குடுங்க சார்னு கெஞ்சுச்சாம். பாவம்னு குடுத்துட்டாரு."

"அப்புறம் ஆஸ்பத்திரியில?"

"சர்க்கரை இருந்தத சொல்லலன்னு பணம் தரமாட்டேன்னுட்டாங்க."

"ஸ்டாரைத் திருப்பி எடுத்திருக்கலாமே."

"எடுக்க அவரு இருக்கணுமில்ல?"

மறுபடி எல்லாவற்றையும் படித்தேன். ஐந்து கொடுத்தவர்கள் அத்தனை பேரும் விற்றவரின் பேச்சைத்தான் புகழ்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்? மூன்று நட்சத்திரத் திட்டத்துக்கு இறங்கினேன். அங்கே ஒரே திட்டு: இழுத்தடித்தார்கள், அலையவிட்டார்கள், கடைசியில்தான் பணம் வந்தது. திட்டியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியவர்கள். உயிரோடு இருந்தார்கள். அப்பாவின் ஸ்டென்டையும் சர்க்கரையையும் மறைக்காமல் சொல்லி, அதையே எடுத்தேன்.

மறுநாள் அந்தக் கழிப்பறை நடையில் நிற்கும்போது அப்பா அழைத்தார்.

"அங்க எப்படிப்பா இருக்கு?"

"நல்லாருக்குப்பா." வந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறேன்.

திரை அணைந்தது. அந்த அம்மாள் சிரித்த இடத்தில், கறுப்புக் கண்ணாடியில் என் முகம். ஊரில் எங்கள் கூடத்துச் சுவரிலும் ஒரு படத்தில் நான் அந்த அம்மாளைப் போலத்தான், யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், சிரித்துக்கொண்டிருக்கிறேன்.