வெட்டுப்பட்ட கடைசிப் பத்தி

விளாங்குடி ஞானசீலன் பத்தொன்பது வருடமாக ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபர். மனைவி பிலோமினாள் மிஷன் பள்ளியில் டீச்சர், அதனால் அடுப்பு எரிகிறது. குழாயில் தண்ணீர் வராவிட்டால் இவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்துவிட்டால், திறந்துவைத்த கவுன்சிலரைப் போட்டோ எடுக்கக் கூப்பிடுவார்கள். மனிதருக்கு அலுத்துவிட்டது, அதை மறைப்பதும் இல்லை.

அலுக்காமல் எழுதியது ஒன்றுதான். மேற்கே ஒரு கரட்டை, அந்தச் சிறு குன்றை, கல்குவாரிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூடாது என்று ஆறு வருடம் எழுதினார். கடைசியில் கரட்டையும் கீழே கிடக்கும் கண்மாயையும் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள்.

சந்தோஷத்தில் நீளமாக எழுதிவிட்டார். குவாரி கூடாது, கட்டிடம் கூடாது, மரம் வெட்டக் கூடாது என்று மேலே அடுக்கினார். ஊர்க்காரர்கள் வழக்கம்போல ஆடு மாடு மேய்க்கலாம் என்பதைக் கடைசிப் பத்தியில் வைத்தார். இடம் போதாவிட்டால் பத்திரிகை ஆபீஸ் டெஸ்க்கில் கீழிருந்துதான் வெட்டுவார்கள் என்பது இந்த மனிதருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும், அன்றைக்கு அசந்துவிட்டார். நகைக்கடை விளம்பரம் வந்தது, கடைசிப் பத்தி போனது. தலைப்பை டெஸ்க்கே போட்டது: 'கரட்டுக்குள் நுழையத் தடை?' அந்தக் கேள்விக்குறியை எவன் படிக்கிறான்?

அடிவார ஊர் டீக்கடையில் அதைச் சத்தம்போட்டு வாசித்தார்கள். மறுநாள் அந்த ஊர் தங்கப்பாண்டி போன் செய்தார். "அண்ணே, எங்க சின்னம்மா சோலையம்மா ஆட்டையெல்லாம் விக்கப்போகுது. வெரசா வாங்கண்ணே."

சோலையம்மாள் ஒண்டிக்கட்டை. கரட்டு மேய்ச்சலை நம்பி இருபது ஆடு வைத்திருந்தாள். ஞானசீலன் போனபோது வாசலில் வியாபாரியின் மினி லாரி நின்றது.

"அக்கா, மேய்க்கத் தடையில்ல. அந்தச் செய்திய எழுதுனதே நான்தான்."

"எழுதிப்புட்டு இல்லைங்கிறீகளே!"

தான் அனுப்பிய முழுச் செய்தியையும் செல்போனில் வாசித்துக் காட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க பொய் சொல்ற ஆளாத் தெரியல சாரு. ஃபாரஸ்ட்காரன் ஆட்டப் புடிச்சா உங்க செல்லையா காட்டுவேன்? பேப்பர்ல போடுங்க, நம்புறேன்."

அங்கிருந்தே டெஸ்க்கைக் கூப்பிட்டார். "இதுல திருத்தம் போட என்ன சார் இருக்கு? கேள்விக்குறி போட்டிருக்கோம்ல," என்றான் டெஸ்க்கில் இருந்தவன்.

"ஒரு வாரம் பொறுங்கக்கா, நான் எப்படியாச்சும் போட வைக்கிறேன்."

"ஊரே விக்க ஆரம்பிச்சா, அப்பறம் வியாபாரி ஓசிக்குக் கேப்பான்."

ஆடுகளை ஏற்றிக்கொண்டு லாரி கிளம்பியது. ஞானசீலனுக்கு அவமானமாக இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கரடாவது தப்பிச்சுச்சுக்கா," என்றார்.

சோலையம்மாள் வெறும் ஆட்டுப்பட்டியைப் பார்த்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"அது தப்பிச்சு எனக்கு என்ன சாரு? அந்தக் குவாரியவாவது வரச் சொல்லி எழுதுங்க. கல்லு சுமக்கவாவது போவேன்."