நாராயணபெருமாள் நாடு கடத்திய தேரைகள்

ஆரல்வாய்மொழியில் மராமத்து மேஸ்திரியாக இருந்த நாராயணபெருமாளுக்குச் சாலை போடுவது பிழைப்பு. கீரை போடுவதுதான் பெருமை. வீட்டுக்குப் பின்னாலிருந்த நாலு பாத்தியில் அவர் தூவிய விதை ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. தண்டங்கீரை இலையில் ஊசிமுனை அளவுகூட ஓட்டை இருக்காது. கைராசிக்காரர் என்று பெயர் பரவி, புதுப் பாத்தி போடுகிறவர்கள் முதல் பிடி விதை தூவ அவரை அழைத்துப் போவார்கள். அவரும் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, தாலி எடுத்துக் கொடுக்கப் போகிறவரைப் போலப் புறப்படுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில் அவரைக் குலசேகரத்துக்கு மாற்றினார்கள். மலையடிவாரம். வாடகை வீட்டின் பின்புறம் ஈரம் மாறாத செம்மண் தோட்டம். மனைவி நாகம்மை அடுப்பு மூட்டுவதற்குள் அவர் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

முதல் வேலையாக மூலையில் அடர்ந்திருந்த புதரை வெட்டித் தள்ளினார். அதிலிருந்த செம்போத்து பறந்து போனது. அடுத்தது தேரைகள். துவைகல்லுக்கு அடியில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தன. நாராயணபெருமாள் பாம்புக்குப் பயப்பட மாட்டார். தேரையைக் கண்டால் திண்ணையில் ஏறி நின்றுவிடுவார். சுத்தம் முக்கியம் என்று நாகம்மையிடம் சொல்லிக்கொண்டு, தேங்காய்ச் சிரட்டையும் குச்சியுமாகப் பதினோரு தேரைகளைப் பானையில் தள்ளி, துணியால் மூடி, பக்கத்து வீட்டு வேலிக்கு அந்தப்புறம் கவிழ்த்தார்.

அந்தப்புறம் ஞானபாய் டீச்சர் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிள்ளைகளை மிரட்டி ஓய்வு பெற்றவள்.

“மேஸ்திரி, என்னவாக்கும் கொட்டுதீரு?”

“ஒண்ணுமில்ல டீச்சர், குப்பை.”

“குப்பை துள்ளிச் சாடிப் போவுதே!”

அவர் காது கேட்காதவர்போல உள்ளே போய்விட்டார்.

சித்திரைக் கடைசியில் விதைத்த கீரை வழக்கம்போல் தளதளவென்று வந்தது. வைகாசி பாதியில் மழை பிடித்தது. அங்கே அதற்கு இடவப்பாதி என்று பெயர், பிடித்தால் விடாது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் கீரையைக் காணோம். தண்டு மட்டும் நின்றது. பாத்தி முழுக்க வெள்ளிக் கம்பி இழுத்ததுபோல் வழவழவென்று கோடுகள். ஒரு செங்கலைப் புரட்டினார். விரல் நீளத்தில், சாம்பல் நிறத்தில், ஓடில்லாமல் ஏதோ நெளிந்தது.

“ஏட்டி, இது என்ன எளவு?”

நாகம்மை குனிந்து பார்த்தாள். “நத்தையாக்கும். வீட்ட வித்துத் தின்னுட்டு வந்த நத்தை போல.”

சாம்பல் தூவினார், அரை மணி நேரத்தில் மழை கழுவிக்கொண்டு போனது. சுண்ணாம்பும் அதே வழியில் போயிற்று. உப்பை அள்ளி வீசினார். நத்தைகள் கரைந்தன, மிச்சமிருந்த கீரையும் கருகிச் சுருண்டது. பிறகு விடியற்காலையில் குடை பிடித்துக்கொண்டு, ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்திச் சிரட்டையில் போட்டார். ஒரு சிரட்டை நிறைந்தது. மறுநாள் இரண்டு சிரட்டை. அந்த வாரம் அவர் மேற்பார்த்த ரோடு வளைய வேண்டாத இடத்தில் வளைந்தது.

வேலிக்கு அந்தப்புறம் டீச்சருடைய கீரை இடுப்பு உயரம் நின்றது. நாலைந்து நாள் எட்டி எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் வாய்விட்டுக் கேட்டார்.

“டீச்சர், நீங்க ஜெபம் கிபம் பண்ணுதீயளா?”

“கீரைக்கா? கர்த்தருக்கு வேற சோலி இல்லியா?” டீச்சர் குடையைச் சாய்த்துக்கொண்டாள். “ஒங்க ஊர்ல கணவாய்க் காத்து அடிச்சு மண்ணு அப்பளமா காஞ்சு கெடக்கும். நத்தை எங்கன ஊரும்? இஞ்ச பாதி வருசம் மழையாக்கும். ஈரம் இருந்தா அது முட்டை போட்டுப் பெருகும்.”

நாராயணபெருமாள் நெற்றியைத் தடவிப் பார்த்தார். இருபது வருஷத்துத் திருநீறு!

“அப்போ எனக்கக் கைராசி?”

“கை நல்ல கைதான். காத்து அதவிட நல்ல காத்து.” அவர் முகம் போன போக்கைப் பார்த்து டீச்சர் குரலைத் தணித்தாள். “நத்தையைத் திங்கத்தான் தேரையும் செம்போத்தும் இருக்கு. ஒண்ண வெரட்டினீரு, மத்தத எனக்குத் தந்தீரு.”

அவர் வேலிக்கம்பைச் சுரண்டினார். “டீச்சர், அந்தக் குப்பையைத் திருப்பித் தருவீயளா?”

“எடுத்துக்கிடும். ஆனா உம்ம கையால எடுக்கணும்.”

மழைத் தூறலில், மாலை நேரத்தில், அவர் டீச்சர் தோட்டத்தில் குனிந்தார். முதல் தேரையைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்தார். அது உள்ளங்கையில் ஜில்லென்று மூத்திரம் பெய்தது. நாகம்மை வேலியருகே முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அவர் கீழே போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பானைக்குள் விட்டார். ஏழு கிடைத்தன. அவற்றில் எவை அவருடையவை, எவை டீச்சருடையவை என்று தேரைகளுக்கே தெரியாது.

உடைந்த பானைகளைக் கவிழ்த்து அவற்றுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். மூலைப் புதரை வளர விட்டார். ஐப்பசியில் போட்ட கீரை, இலைக்கு இரண்டு ஓட்டையோடு வந்தது. அதைக் குழம்பு வைத்துத் தின்றார்கள்.

பங்குனியில் ஆரல்வாய்மொழியிலிருந்து சுயம்பு என்பவர் முதல் விதை தூவக் கூப்பிட வந்தார். “காத்து இருக்கே, நான் எதுக்கு?” என்றார் நாராயணபெருமாள். சுயம்புவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மேஸ்திரி குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கூடவே போனார்.

ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி அந்த ஜில்லா மலையாளச் சீமையை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தெருவில் இளவட்டங்கள் சரவெடியோடு கூடினார்கள். நாராயணபெருமாளுக்கும் சந்தோஷம்தான். ஆனால் முந்தின நாள் மழையில் தேரைகள் தொட்டித் தண்ணீரில் முட்டையிட வந்திருந்தன. அவர் ஓடிப்போய், “மக்கா, கொஞ்சம் தள்ளிப் போய்ப் போடுங்கலே. வீட்டுல பிள்ளத்தாச்சி உண்டு” என்றார்.

இளவட்டங்கள் மரியாதையாக விலகிப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் தெருப்பெண்கள் ஆறேழு பேர் மாங்காயும் புளிச்சோறுமாக நாகம்மையைப் பார்க்க வந்துவிட்டார்கள். நாகம்மைக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு. அடுத்த இரண்டு நாள் நாராயணபெருமாள் ஞானபாய் டீச்சர் வீட்டில்தான் புட்டு தின்றார்.