மீட்டர் சொல்லாத சத்தம்

ஆம்பூரில் கம்பெனி வேலை என்று சொன்னால் அடுத்த கேள்வி, "ஷூவா, தோலா?" என்பதுதான். நான் ஹாரன் என்பேன். "பஸ்ஸுக்கா?" என்பார்கள். ரயிலுக்கு என்றால் நம்பமாட்டார்கள். ரயில் ஹாரனையும் யாரோ செய்துதானே ஆகவேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. ஷூ கம்பெனியில் நின்று நின்று முட்டி வீங்கியபோதுதான், உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறதென்று இந்த ஷெட்டுக்கு வந்தேன்.

எனக்கு டெஸ்டிங் மேஜை. ஹாரனுக்குள் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று இருக்கும். காற்றுக் குழாயை மாட்டித் திறந்தால் அது அதிர்ந்து கத்தும். சத்தம் எவ்வளவு என்று மீட்டர் காட்டிவிடும். தகடு சரியாக உட்காராவிட்டால் அந்தச் சத்தத்துக்கு அடியில் லேசாக ஒரு 'சர்ர்' ஓடும். அதை மீட்டர் சொல்லாது, காதுதான் சொல்லவேண்டும். காதுக்கு மூடி கொடுத்திருந்தார்கள். மூடிக்கொண்டால் 'சர்ர்' கேட்காது என்று எல்லோரும் இடது பக்கத்தைத் தூக்கிவிட்டுக்கொள்வோம். சில வருஷத்தில் எனக்கு இடது காது மந்தமானது. வலதைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அவ்வளவு புத்தி எனக்கு.

பிறகு சில வாரம் ஒரு ஹாரன்கூடக் கரகரக்கவில்லை. தகடு மாட்டுகிறவர்கள் தேறிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன். பொங்கல் கழிந்து ஒருநாள் வீட்டில் ரசம் தாளித்தபோது, கடுகு வெடிக்கட்டும் என்று நின்றுகொண்டே இருந்தேன். கருகிய வாடைதான் வந்தது. "இன்னா, செவிடன் காதுல சங்கு ஊதின மாதிரி நிக்கிற? எவ்ளோ நேரமா கூப்புடுறேன்," என்றார் வீட்டுக்காரர். சிரித்து வைத்தேன்.

வெளியே சொன்னால் மறுபடி நிற்கிற வேலை. சொல்லவில்லை. அது தப்பு என்று அன்றைக்கே தெரியும்.

இரண்டு பேர் கேட்டுத் தலையாட்டினால்தான் ஹாரனில் பச்சைப் புள்ளி வைப்பது எங்கள் ஷெட் வழக்கம். எதிரில் உட்கார்ந்த அக்கா எனக்குப் பத்து வருஷம் மூத்தவர். அவருக்குப் பாம்புச் செவி என்று ஷெட்டே சொல்லும். நான் ஹாரனை விட்டுவிட்டு அவர் முகத்தைக் கேட்க ஆரம்பித்தேன். அவர் தலை அசைந்தால் என் தலையும் அசையும். பச்சைப் புள்ளி விழும்.

ஒருநாள் நாங்கள் புள்ளி வைத்து அனுப்பிய ஒரு லாட் ஹாரன் முழுக்கத் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் அதில் ஒன்றை எங்கள் மேஜையில் மாட்டி ஊதினார். ஊதியவரே முகம் சுளித்தார்.

"இது கேக்கலியா உங்க ரெண்டு பேருக்கும்?"

எனக்கு ஹாரன் மட்டும் கேட்டது, சுத்தமாக. அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ தலையாட்டுனியேம்மா," என்றார்.

"நான் உங்களப் பாத்துதான்க்கா ஆட்டுனேன்."

"நானும் உன்னப் பாத்துதான்."

"எப்பலேர்ந்துக்கா?"

"தீபாவளிக்கு முன்னாடிலேர்ந்து," என்றார், மெதுவாக. அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது. எங்களை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நின்றுகொண்டே செய்கிற வேலைதான். முட்டி வலிக்கும்போது, வலிக்கட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்த லாட் திரும்பி வந்தது. அதற்கு முன்னால் நாங்கள் புள்ளி வைத்து அனுப்பியவை வரவில்லை. அவை எந்த எஞ்சினில் இருக்கின்றன, எந்த ரயில்வே கேட்டில் யாருக்காகக் கத்துகின்றன என்று யாருக்கும் தெரியாது.

ஷெட்டுக்குப் பின்னால் காட்பாடிப் பக்கம் போகும் ரயில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும். மற்றவர்கள் நிமிரக்கூட மாட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் அட்டைப்பெட்டியைப் பிடித்தபடி நின்றுவிடுவோம். அக்கா என் முகத்தைப் பார்ப்பார்.

நான் தலையாட்டுவதில்லை.