சங்கவடிவு ஏன் முழுகவில்லை?

என் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதற்காக அன்றைக்கு எனக்கு அடி விழவில்லை என்பது இன்றுவரை வியப்புத்தான். விழுந்திருக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து ஞாயிறுதோறும் வரும் பத்திரிகை ஒன்றில் அப்போது 'சங்குத்தீவின் சாபம்' என்றொரு மாயாஜாலத் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. கடலுக்கு அடியில் பிறந்த இளவரசி சங்கவடிவு, தரையிலுள்ள ஓர் அரசகுமாரனை மணந்து மாளிகையில் வாழ்கிறாள். பௌர்ணமிதோறும் அவள் கடலில் முழுகித் தாய்வீடு போய்வர வேண்டும். போகாவிட்டால் சாபம் பலிக்கும். அவளைக் கவர்ந்து போவதற்குக் கருந்தாடியான் என்ற மந்திரவாதி குகைக்குள் காத்திருக்கிறான். அடுத்த வீட்டுக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று தெரியாதவர்களுக்குக்கூட, கருந்தாடியானின் குகைக்கு எத்தனை வாசல் என்று வீடுகள் நெருங்கிய எங்கள் ஒழுங்கையில் தெரியும்.

ஒழுங்கையில் பத்திரிகை வாங்குவது எங்கள் வீட்டில் மட்டுந்தான். கொழும்பு மெயில் வந்து நிற்பதற்கு முன்பே அப்பா சைக்கிளோடு திருகோணமலை ஸ்டேசனில் நிற்பார். மாதா கோயில் பூசை முடிந்ததும் ஒழுங்கைச் சனம் எங்கள் முன்னறைக்கு வந்துவிடும். ஆண்களுக்குக் கதிரை, பெண்களுக்குப் பாய். வாசிப்பது நான். என் தொண்டை அப்படி. கோயிலில் நிருபம் வாசிக்கிற உபதேசியார் என்னிடம் வந்து பாடம் கேட்க வேண்டும் என்று சித்தப்பா சொல்வார். அதைப் பகிடி என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சித்தப்பா மூதூர் லோஞ்ச் ஓட்டுகிறவர். துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி, குடாவைக் கடந்து மூதூரில் இறக்கித் திரும்பி வருவார். அவரும் சின்னம்மாவும் எங்கள் வளவிலேயே, கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன வீட்டில் குடியிருந்தார்கள். கலியாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. இரண்டு தரம் வயிற்றில் தங்கி, இரண்டு தரமும் நாலாம் மாதம் கடக்குமுன் போய்விட்டது. இதெல்லாம் நான் பிற்பாடு அறிந்தவை. அப்போது நான் அறிந்தது ஒன்றே ஒன்று. சனிக்கிழமைகளில் என்னை டச்பே கடலுக்குக் கூட்டிப்போய், தானும் மீன்போல முழுகி எழும்புகிற சின்னம்மா, மூன்று மாதமாக என்னைக் கூட்டிப்போகவில்லை.

ஒரு ஞாயிறு, கதை இப்படி முடிந்தது: 'மூன்று பௌர்ணமிகள் வந்து போயின. சங்கவடிவு முழுகாமல் இருந்தாள். ஏன்? தொடரும்.' அதற்குக் கீழே கட்டம் போட்டு, வாசகர்கள் தங்கள் ஊகங்களை எழுதி அனுப்பலாம், சிறந்தவை பிரசுரமாகும் என்று போட்டிருந்தார்கள்.

நான் வாசித்து முடித்ததும் பாயில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்.

"இதில யோசிக்க என்ன கிடக்கு? பெடிச்சி முழுகாமல் இருக்கிறாள். அவ்வளவுதான்."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்றால் அவள் வயிற்றில் பிள்ளை என்று அர்த்தம். கதிரையில் இருந்தவர்களுக்கும் அது தெரியும், பாயில் இருந்தவர்களுக்கும் தெரியும். நடுவில் நின்று வாசித்த எனக்குத் தெரியாது. "அதைத்தானே கதையிலயும் போட்டிருக்கு. ஏன் முழுகேல்லை எண்டு சொல்லுங்கோவன்" என்று கேட்டேன். "அது பெரியாக்களின்ர கதை" என்றார் அம்மா. அப்பா இருமினார்.

ஆண்களுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. மந்திரக் கதையில் எல்லாவற்றுக்கும் மந்திரமே காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. அப்பா பழைய பத்திரிகைகளைச் சணல் கயிற்றால் கட்டி அலுமாரியில் வைத்திருந்தார். வழக்குக்குச் சாட்சி கொண்டுவருவதுபோல அந்தக் கட்டைத் தூக்கிவந்து அவிழ்த்தார். ஆறு ஞாயிறுக்கு முன் வந்த அத்தியாயத்தில் கண்ணாடியில் சங்கவடிவின் உருவம் விழவில்லை என்று ஒரு வரி இருந்தது. ஆகவே மாளிகையில் இருப்பவள் போலி, அசல் இளவரசி சங்குக்குள் அடைபட்டிருக்கிறாள், போலிக்குத் தண்ணீர் பயம். இது அப்பாவின் தீர்ப்பு. சித்தப்பாவோ கடல்காரன் மூளையோடு விரல் மடித்து எண்ணி, கதையில் அந்த மூன்று பௌர்ணமியும் மாரியில் வருகின்றன, வாடைக்காற்றில் எந்த இளவரசி கடலில் இறங்குவாள் என்று கேட்டார். லோஞ்சில் டிக்கெட் கிழிக்கிற மூதூர் நானாவுக்கு வேறொரு தீர்மானம் இருப்பதாகவும் சொன்னார். அரசகுமாரனே கருந்தாடியான்! இரண்டு பேரையும் ஒரே கிழமை இதழில் எழுத்தாளர் காட்டியதே இல்லையாம். அப்பா அவசரமாகக் கட்டைப் புரட்டினார். நானா சொன்னது சரியாகவே இருந்தது.

வழக்கமாகச் சின்னம்மாவின் வாய் ஓயாது. அன்றைக்கு மூலையில் இருந்து பாயின் ஓலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துக் குசினிப் பக்கம் போனபோது அடுப்படியில் அம்மா பெரியம்மாவிடம் சொல்வது கேட்டது. "தங்கச்சி மூண்டு மாசமா முழுகாமல் இருக்கிறாள், அக்கா. நாலு கழியுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ." சங்கவடிவுக்கும் மூன்று, சின்னம்மாவுக்கும் மூன்று! ஆனால் சின்னம்மா நாள் தவறாமல் கிணற்றடியில் தலைக்கு வார்ப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படியானால் அம்மா சொன்னது கடல் முழுக்கைத்தான். அதன்பிறகு சின்னம்மாவைக் கவனிப்பதே எனக்கு வேலையாயிற்று. அப்பா பழைய பத்திரிகையில் தேடியதை நான் ஆளிலேயே தேடினேன். ஒரு கிழமைக்குள் போதிய சாட்சி சேர்ந்துவிட்டது.

கொப்பித் தாளில் மைப்பேனையால் எழுதினேன். அப்பாவின் மேசை லாச்சியில் முத்திரை எடுத்து ஒட்டி, பள்ளிக்கூடம் போகிற வழியில் தபாற்பெட்டிக்குள் போட்டேன். மூச்சு விட வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னார். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூன்று ஞாயிறு கழித்து, லோஞ்சுக்குப் போன சித்தப்பா தவிர எல்லாரும் கூடியிருக்கும்போது பத்திரிகையைப் பிரித்தேன். கதைக்குப் பக்கத்தில் என் கடிதம். கீழே என் முழுப்பெயர், ஒழுங்கையின் பெயர், திருகோணமலை. எழும்பி நின்று, இருந்த தொண்டையெல்லாம் திறந்து வாசித்தேன்:

'ஆசிரியர் மாமாவுக்கு, சங்கவடிவு போலி இல்லை. அவளுக்கு ஒரு சாபமும் இல்லை. எங்கள் சின்னம்மாவும் மூன்று மாதமாக முழுகாமல் இருக்கிறா. காலையில் சத்தி எடுக்கிறா. பச்சை மாங்காயை உப்பில் தொட்டுத் தின்றுவிட்டுத் தன்பாட்டில் சிரிக்கிறா. வேறு ஒரு குறையும் இல்லை. ஆகவே சங்கவடிவுக்கும் பச்சை மாங்காய் கொடுத்துப் பார்க்கவும்.'

கைதட்டுவார்கள் என்று நிமிர்ந்தேன். அம்மா எழும்பி வந்து பத்திரிகையைப் பறித்தார். சின்னம்மா முகத்தை மூடிக்கொண்டு கிணற்றைத் தாண்டி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. "ரெண்டு தரமும் வெளியில சொல்லித்தானே போனது" என்று அவர் சொல்வது கேட்டது. என்ன போனது என்று எனக்கு விளங்கவில்லை. என் கடிதத்தில் எழுத்துப் பிழை ஏதும் இருக்குமோ என்று யோசித்தேன்.

பெரியம்மா நாவூறு கழிக்க ஆயத்தம் செய்தார். செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து வைத்து, கேட்டவர்களின் வாசல் மண்ணில் ஒவ்வொரு கிள்ளு எடுத்துவா என்று என்னை அனுப்பினார். நான் படலையைத் தாண்டுமுன்னே கூப்பிட்டு நிறுத்திவிட்டார். "நில்லடி! இந்த ஒழுங்கை மண் எடுக்கலாம். யாழ்ப்பாணத்து மண்ணுக்கும் கொழும்பு மண்ணுக்கும் எங்கை போறது?" என்று தலையில் கைவைத்தார். அம்மா அந்தோனியார் படத்தின்முன் மெழுகுதிரி கொளுத்தினார். சித்தப்பா வந்து என்னைக் கொல்லப்போகிறார் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். நான் அலுமாரிக்குப் பின்னால் போய் நின்றேன்.

மத்தியானம் சித்தப்பா வந்தார். ஒரு தோளில் பன்பை நிறைய மாங்காய், மறு கையில் பேரீச்சம்பழப் பொட்டலம். எங்கள் வீட்டில் அவருக்கு யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலை லோஞ்சிலேயே யாரோ பத்திரிகையைச் சத்தமாக வாசித்திருக்கிறார்கள். எந்தச் சின்னம்மா என்று விசாரிக்க, ஒழுங்கையின் பெயர் ஒன்றே நானாவுக்குப் போதுமாக இருந்தது.

சித்தப்பா சாத்திய கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"இஞ்சை, கதவைத் திறவும். அழாதையும். லோஞ்சில எழுபது சனம். நானா மாஷா அல்லா எண்டு சொல்லிக் கை ஏந்தினார், கிறிஸ்தவச் சனம் சிலுவை போட்டுது, சம்பூர்க் கிழவர் ஒராள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறன் எண்டார். போன ரெண்டு தரமும் உமக்காக இவ்வளவு சனம் கும்பிட்டதோ?"

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. சின்னம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. அவர் பன்பைக்குள் கைவிட்டு ஒரு மாங்காயை எடுத்தார்.

நாலாம் மாதம் கடந்தது. ஐந்தாம் மாதத்து ஞாயிறு ஒன்றில், சாபத்தை எல்லாம் நம்பிய மாளிகை வைத்தியரை விலக்கிவிட்டு, சங்கவடிவு தோழியிடம் பச்சை மாங்காய் கேட்டாள். சத்தியமாகக் கேட்டாள்! என் மாங்காய்! அந்த வரியை நான் நாலு தரம் வாசித்தேன், சனம் நாலு தரமும் கேட்டது. பெரியம்மா ஆண்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அப்பா அந்த இதழையும் பழைய கட்டோடு சேர்த்துக் கட்டினார். நானா மட்டும், அதெல்லாம் சரி, பிள்ளையின் தகப்பன் கருந்தாடியான்தான் என்று கடைசிவரை நின்றார். கொழும்பில் இருக்கிற பெரிய எழுத்தாளர் என்னிடம் கேட்டுத்தான் கதையைக் கொண்டுபோகிறார் என்று நான் வகுப்பில் சொல்லித் திரிந்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. மறுத்தால் விட்டிருப்பேனா?

சின்னம்மாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் கோயில் புத்தகத்தில் இருக்கிறது. ஒழுங்கைக்கு அவள் 'சங்கு'.

என் கடிதத்தைச் சித்தப்பா சவர அலகால் நறுக்கி, லைசன்ஸ் வைக்கிற தோல் உறைக்குள் வைத்துக்கொண்டார். யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவார். பள்ளி விடுமுறையில் ஒருநாள் அவரோடு லோஞ்சில் போனேன். கந்தளாயிலிருந்து வந்த புதுப் பயணி ஒருவருக்கு அவர் உறையைத் திறந்து காட்டியபோது, பாராட்டை வாங்கிக்கொள்ள நான் தலையைக் கோதிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"வாசிச்சுப் பாருங்கோ. பேப்பரிலயே போட்டிட்டாங்கள்" என்றார் சித்தப்பா. அவருடைய விரல் நடுவில் ஒரு வரியின்மேல் இருந்தது. 'எங்கள் சின்னம்மாவும்' என்று தொடங்குகிற வரி. பாவம், இடம் பிழைத்துவிட்டார் என்று நினைத்து, அந்தத் தடித்த விரலைப் பிடித்து இழுத்துக் கீழே என் பெயரின்மேல் வைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் தலையைத் தடவினார். பிறகு விரலை எடுத்து மறுபடியும் அந்த வரியின்மேலேயே வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன், சித்தப்பாவுக்குக் கண் தெரிவது குறைகிறது, கண்ணாடி வாங்க வேண்டும் என்று.